ஒன்பதாவது மாடி, பாதி வாடகை

ஒன்பதாவது மாடிக்குப் போனதும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் எங்களுக்கு வீட்டைக் காட்டுவதற்கு முன் காற்றைக் காட்டினார். கூடத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, ஏதோ சொந்தச் செலவில் வரவழைத்து வைத்திருந்தவர் போல ஒதுங்கி நின்று, "எப்படி?" என்றார். காற்று வந்தது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். பதினாறு வருடக் குடித்தனத்தில் எந்த வீட்டுக்குள் நுழைந்தும் அவள் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. அதுவரை நாங்கள் இருந்ததெல்லாம் மூக்கை மூட வைத்த வீடுகள்.

"இங்க இருக்கறவங்க எல்லாம் ஒரு லெவல்," என்றார் செயலாளர். "டாக்டர் ரெண்டு பேர், ஆடிட்டர் ஒருத்தர். கண்டவங்களையும் உள்ள விடறதில்ல." 'கண்டவங்க' என்னும்போது அவர் பார்வை என் சட்டைப் பையில் செருகியிருந்த டெஸ்டரில் ஒரு நொடி தங்கிவிட்டு நகர்ந்தது. ஏதோ ஓர் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். இலாகா அவரை விட்டுவிட்டது. அவர்தான் இலாகாவை விடவில்லை. அவர் கொடுத்த விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே நான்கு பதவிகள் பெரிய எழுத்தில் இருந்தன. நான்குக்கும் முன்னால் 'முன்னாள்' என்பது எறும்பு சைஸில் இருந்தது.

அந்த வீடு குடியிருப்போர் சங்கத்துக்கே சொந்தம். வாட்ச்மேன் குடும்பத்துக்கென்று மொட்டை மாடிக்கு ஒரு மாடி கீழே கட்டியிருந்தார்கள். கட்டி முடித்த பிறகுதான் வாட்ச்மேனுக்கு இவ்வளவு காற்று எதற்கு என்று தோன்றியிருக்கிறது. வாட்ச்மேனைப் படிக்கட்டுக்கு அடியில் போட்டுவிட்டு, வீட்டை வாடகைக்கு விட்டார்கள். எங்களுக்கு மட்டும் பாதி வாடகை. காரணம், நான் லிப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்து லிப்டைச் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, லிப்ட் நல்ல நிலையில் இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். "ஒரே ஒரு கையெழுத்து," என்று செயலாளர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

எங்களுக்கு வேறு வழி அதிகமில்லை. இருந்த வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார் வீட்டுக்காரர். என் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில், பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் வேலையில் இருக்கிறாள். காலை ஆறு மணிக்கு ஊசியோடு நிற்க வேண்டும், ஏனென்றால் ஊர் வெறும் வயிற்றோடு இருப்பது அந்த நேரத்தில்தான். ஆஸ்பத்திரியைச் சுற்றி வீடு எடுத்தால் எங்கள் இருவர் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாடகைக்கே சரி. கைக்கு எட்டுகிற வாடகை, பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்தில் இருந்தது. அங்கே புதிதாகக் கட்டிய வீடுகளுக்கான விளம்பரப் பலகையில் 'நகரத்தின் மடியில்' என்று போட்டிருந்தார்கள். மடிக்கும் நகரத்துக்கும் நடுவில் இரண்டு மணி பத்து நிமிடம். முதல் பஸ் ஐந்து மணிக்கு. அங்கே போனால் அவள் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் அந்த வாடகையும் எட்டாது. இந்த ஒன்பதாவது மாடியில் இருந்து ஆஸ்பத்திரிக்கு நடை தூரம் பன்னிரண்டு நிமிடம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் மச்சான் உட்கார்ந்திருந்தார். என் மனைவியின் அண்ணன். குடும்பத்தில் யார் என்ன முடிவெடுத்தாலும் அதற்கு முன்னால் ஒருமுறை வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்.

"மாப்ள, உலகம் பூரா ஒரு கணக்கு இருக்கு," என்றார். "வருமானத்துல மூணுல ஒரு பங்கு. அதுக்கு மேல ஒரு பைசா வாடகைக்குப் போச்சுன்னா அது வீடு இல்ல, கால்ல கட்டின கல்லு. நான் எல்லாருக்கும் சொல்றது இதத்தான். யாரு கேக்கறா?"

மச்சான் வாழ்நாளில் வாடகை கொடுத்ததில்லை. என் மாமனார் கட்டிய வீட்டில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அதைத் தன் பெயருக்கும் மாற்றிக்கொண்டவர். தங்கை கையெழுத்து தேவைப்பட்டபோது ஒரு புடவையோடு வந்து வாங்கிப் போனார். வீட்டுக்கென்று எதையுமே செலவழிக்காத மனிதரால்தான் வீட்டுச் செலவைப் பற்றி இவ்வளவு நிதானமாகப் பேச முடியும்.

"அண்ணே," என்றாள் என் மனைவி. "அப்பா வீட்டுல ரெண்டுல ஒரு பங்கு எனக்குன்னு அந்த உலகக் கணக்குல எங்கயாவது வருதா?"

மச்சானுக்கு உடனே ஏதோ போன் வந்தது. மணி அடிக்காமலே வந்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, செருப்பைக் காலால் தேடிக்கொண்டே போய்விட்டார்.

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் சொன்னாள். "நீங்க வாசலுக்குப் போனப்பவே செயலாளர்கிட்ட சரின்னு சொல்லிட்டேன். உங்க லைசென்ஸ் ஜெராக்ஸும் குடுத்துட்டேன்."

"என் லைசென்ஸயா?"

"உங்களுதுதான். இந்த வீட்டுல வேற யாருக்கு இருக்கு?"

"லிப்ட நான் இன்னும் திறந்தே பாக்கல."

"அதுல ஏறித்தான் போனோம், எறங்கித்தான் வந்தோம். போதாதா? ஊருல இருக்கற லிப்ட்டுக்கெல்லாம் சம்பளத்துக்கு சைன் போடறீங்க. பொண்டாட்டிக்கு ஒண்ணு போட்டா கை தேஞ்சிடுமா?"

இருபத்திரண்டு வருட வேலையில் நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை என்று வாய் வரை வந்தது. சொன்னால் அதையும் ஒரு விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொள்ளச் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். ஜன்னலுக்குத் திரைச்சீலை அளவெடுக்க அவள் டேப்போடு ஒன்பதாவது மாடியில் இறங்கிக்கொண்டாள். மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறையைச் செயலாளர் எனக்குத் திறந்துவிட்டார். "முன்ன இருந்த மெக்கானிக் தங்கமான மனுஷன்," என்றார். "ஆறு வருஷம். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட லிப்ட் நடுவுல நின்னதில்ல. பொதுக்குழுல மேடைக்குக் கூப்பிட்டு ஷீல்டு குடுத்தோம். நீங்களும் அந்தப் பேர எடுக்கணும்." சொல்லிவிட்டு, கரி படிந்துவிடும் என்று, பேண்ட்டை வேட்டி போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே போனார்.

அந்தத் தங்கமான மனுஷனின் ரகசியம் எனக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. லிப்டில் கவர்னர் என்று ஒன்று உண்டு. பெட்டி வேகம் மீறிக் கீழே இறங்கினால், அதைத் தண்டவாளத்தோடு கவ்விப் பிடிக்க வைப்பது அதுதான். கயிறே அறுந்தாலும் ஆளைக் காப்பாற்றுவது. இந்தக் கவர்னர் கிழடு. சின்னக் குலுக்கலுக்கும் பயந்து கவ்விவிடும். அதைக் கழற்றிப் புதிது போடச் செலவாகும் என்பதால், அவன் அதன் வாயைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தான். நான்கு சுற்று, அழகான முடிச்சு. ஆறு வருடமாக லிப்ட் நிற்காததற்கு அதுதான் காரணம். நிற்க வேண்டிய நேரம் வந்திருந்தாலும் நின்றிருக்காது. பெட்டியைத் தாங்கும் கயிறுகள் நான்கு. துணியை வைத்து உருவிப் பார்த்தேன். மூன்றாவது கயிற்றில் துணி மாட்டிக் கிழிந்தது. எஃகு இழைகள் அறுந்து முள்ளாக நின்றன.

கட்டுக்கம்பியை வெட்டிப் போட்டேன். மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் கீழே போயிருக்க வேண்டும். கை அதுவரைக்கும் போனது. அணைத்தால் அவள் ஒன்பது மாடியும் நடந்து இறங்க வேண்டும். நாள் பூரா நின்று நின்று அவள் வலது முழங்கால் வீங்கிப்போய்க் கிடக்கிறது. இப்போதுதான் கவர்னர் வாயைத் திறந்துவிட்டாயிற்றே, ஒரே ஒரு தடவை இறங்கட்டும் என்று விட்டுவிட்டு, நான் படியில் இறங்கினேன்.

சங்கத்து அலுவலகம் தரைத்தளத்தில், புதிதாகக் கட்டிய நீரூற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. நீரூற்றில் நான்கு சிங்கங்கள் வாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தன. செயலாளர் காகிதத்தையும் பேனாவையும் தயாராக எடுத்து வைத்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். கயிறு நாலும் மாற்ற வேண்டும், கவர்னர் புதிது, அதுவரைக்கும் லிப்டைப் பூட்ட வேண்டும்.

"இப்பத்தான் சார் சிங்கத்துக்குச் செலவாச்சு," என்றார். "போட்டுட்டுப் போங்க. அடுத்த பொதுக்குழுல வெச்சுப் பேசிக்கலாம்."

"கயிறு பொதுக்குழு வரைக்கும் காத்திருக்காது."

"மிஸ்டர், எத்தன ஃபைல் பாத்திருக்கேன் நான். எல்லாம் காத்திருக்கும்."

"மத்தியானமே பூட்டிடறேன். நீங்க போர்டு மட்டும் எழுதி வைங்க."

செயலாளர் பேனாவை மூடினார். "ஏம்ப்பா, உனக்கு வீடு வேணுமா வேணாமா?"

சாரில் தொடங்கி மிஸ்டர் வழியாக ஏம்ப்பாவுக்கு வந்து சேர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. லிப்டைவிட வேகம். பதில் சொல்வதற்குள் மேலே எங்கேயோ இரும்பு இரும்பைக் கடிக்கும் சத்தம் கேட்டது. அடுத்து லிப்டுக்குள் இருந்து அபாய மணி, விடாமல்.

நான்காவது மாடியில் போய் நின்றேன். பழைய காலத்துக் கம்பிக் கதவு. பெட்டி அரைவாசி கீழே இறங்கி வந்து தொங்கிக்கொண்டிருந்தது. என் கண் உயரத்தில் அவள் செருப்புகள். பின்னாலேயே செயலாளர் மூச்சு வாங்க வந்தார், கையில் அந்தக் காகிதம். வீட்டு உடையில் ஆடிட்டர் வெளியே வந்து பார்த்துவிட்டு, "முன்ன இருந்தவர் காலத்துல இப்படி நடந்ததே இல்லையே," என்றார்.

"வந்த மொத நாளே நிறுத்திட்டான்," என்றார் செயலாளர்.

"என்ன பண்ணீங்க?" என்றன செருப்புகள்.

"கவர்னரக் கம்பி போட்டுக் கட்டியிருந்தாங்க. அத வெட்டினேன். அது பழசு, பயந்து கவ்விடுச்சு. நீ ஒண்ணும் பயப்படாத. இப்ப இருக்கறதுதான் பத்திரம்."

"ஆறு வருஷமா இத்தன பேர் போயிட்டு வந்தாங்களே. விழுந்துச்சா?"

"விழல."

"அப்பறம்?"

"கயிறு அறுந்து நிக்குது. நான் எப்படி நல்லா இருக்குன்னு எழுதிக் குடுப்பேன்?"

"என் முட்டி எப்படி நிக்குதுன்னு யாருக்காவது எழுதிக் குடுத்திருக்கீங்களா?" செருப்பு ஒன்று தரையைத் தட்டியது. "நான் தெனம் நூறு பேருக்கு ஊசி குத்தறேன். குத்தறதுக்கு முன்னாடி, கொஞ்சம் வலிக்கும்னு சொல்லிட்டுத்தான் குத்தறேன். நீங்க சொல்லாமக் குத்தறீங்க. நான் உள்ள இருக்கறப்ப மெயின அணைக்காம எதுக்கு விட்டீங்க?"

"அணைச்சா நீ ஒன்பது மாடி எறங்கணுமேன்னுதான்."

வலது செருப்பு மெல்லத் தரையை விட்டு எழும்பி, இடது காலின் மேல் சாய்ந்துகொண்டது.

"நல்ல கரிசனம்," என்றாள். "நாலரை மாடியில தொங்கறேன். அந்தக் கட்டுக்கம்பிய மறுபடி கட்டிட்டு சைன் போடுங்க. இல்லன்னா அடுத்த மாசத்துல இருந்து நான் ராத்திரியே வந்து பஸ் ஸ்டாண்ட்ல படுத்து, அங்கயே பல்லு வெளக்கறேன். ரெண்டுல ஒண்ணு. எனக்கு வேற வீடு தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க, இப்பவே இங்கிருந்தே குதிச்சு வர்றேன்."

எனக்கும் தெரியவில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை என்பதுதான் அவள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் காரணம்.

செயலாளர் காகிதத்தை என் மார்பில் வைத்து அழுத்தினார். "மொதல்ல இதுல போடு. அப்பறம் எறக்கு."

காகிதத்தையும் பேனாவையும் வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு படியேறினேன். ஐந்து மாடியும் அதற்கு மேல் மொட்டை மாடியும். வழியில் கதவுகள் திறந்தன, என்னைப் பார்த்துச் சாத்தின. ஏழாவது மாடியில் ஒரு அம்மாள், "இவன்தானா?" என்று உள்ளே திரும்பி யாரிடமோ கேட்டாள்.

மோட்டார் அறையில் மெயினை அணைத்தேன். கட்டுக்கம்பித் துண்டுகள் தரையில் கிடந்தன. அவற்றில் பாதி இன்னும் பயன்படுகிற நீளம். காகிதத்தை மோட்டார் மூடியின் மேல் வைத்து, பறக்காமல் இருக்கப் பேனாவை அதன் மேல் வைத்தேன். கவ்விய பெட்டியை விடுவிக்க வேண்டுமானால் முதலில் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் பிடித்து, மூச்சடக்கித் திருப்பினேன். கீழே இரும்பு வாயைத் திறந்து அவளை விட்டது.

அதற்குப் பிறகுதான் சிக்கல். ஒற்றை ஆள் நிற்கும் பெட்டியைவிட, கயிற்றின் மறுமுனையில் தொங்குகிற எடைக்கட்டைகள் கனமானவை. நான்காவது மாடிக்கு இறக்க வேண்டுமானால் அவற்றோடு நான் ஒற்றை ஆளாக மல்லுக்கட்ட வேண்டும். பிரேக்கைத் தளர்த்தினால் போதும், பெட்டி தானாகவே மேலே ஏறும். கயிறு இறங்கும் ஓட்டையில் முகத்தை வைத்துக் கத்தினேன்.

"மேலயா, கீழயா?"

"கீழ! கீழ எறக்குப்பா!" என்று செயலாளரும் ஆடிட்டரும் கத்தினார்கள். அவள் குரல் வரவில்லை. மறுபடி கேட்டேன். மணியடிப்பதையும் அவள் நிறுத்தியிருந்தாள்.

பிரேக் பிடியைத் துளி அசைத்தேன். சக்கரம் யாரும் தொடாமலே சுற்றத் தொடங்கியது. கூரை ஓட்டை வழியாக வந்த வெயிலில், மூன்றாவது கயிற்றின் அறுந்த இழைகள் ஒவ்வொன்றாக மினுங்கிக்கொண்டு மேலே வந்து, சக்கரத்தைச் சுற்றி வளைந்து, எனக்கு மறுபக்கத்து இருட்டுக்குள் இறங்கிப் போயின. கையெழுத்தில்லாத காகிதம் பேனாவுக்கு அடியில் கிடக்க, நான் பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.