கொல்லன் பொண்டாட்டி என்ன சொன்னாள்?

பாரசீகத்தில் ஒரு ராஜா இருந்தானாம். அவனுடைய இரண்டு தோளிலும் பாம்பு முளைத்தது. தினமும் இரண்டு இளசுகளின் மூளைதான் அவற்றுக்கு இரை. பிள்ளைகளை வரிசையாகப் பறிகொடுத்த கொல்லன் ஒருவன், கடைசி மகனையாவது விடுங்கள் என்று அரண்மனைக்குப் போனான். "ராஜா நல்லவர் என்று சபையில் சொல், விடுகிறோம்" என்றார்கள். அவன் சொல்லவில்லை. தன் தோலாடையைக் கொடியாகக் கம்பில் கட்டி, ராஜாவுக்கு எதிராக ஊரைத் திரட்டினான்.

இந்த ராஜாவைத்தான் 2004இல் பெரிய உருவமாகச் செய்து சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் உட்கார வைத்தேன். நான் வினோலியா, பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. "என்ன சாமி டீச்சர் இது?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே வாய் வலித்தது. கும்பிட்டுவிட்டுப் போகிற சிலை இல்லை இது. சுற்றி நடந்து, தொட்டு, காது வைத்துக் கேட்க வேண்டியது.

பாம்புகளைத் தைக்க எம். புதுப்பட்டியிலிருந்து பட்டாசு வேலைக்குப் போகும் பெண்கள் வந்தார்கள். ஆள் நுழையும் அகலத்துக்கு மூங்கில் வளையங்கள். அவற்றின் மேல் தோலாக, வேலையின்போது சேலைக்கு மேல் அவர்கள் போட்டுக்கொள்ளும் பழைய ஆம்பளைச் சட்டைகள். எத்தனை துவைத்தாலும் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பூச்சு போகாத சட்டைகள். தைத்துக்கொண்டே கதை கேட்ட செல்லத்தாய் ஊசியை நிறுத்தினார்.

"அந்தக் கொல்லன் பொண்டாட்டி என்ன சொன்னா டீச்சர்?"

"கதையில அவ வரவே இல்லக்கா."

"பெத்தவளையே காணோமா? நல்லாருக்கு ஒங்க கதை."

எனக்குச் சுருக்கென்றது. அன்றே டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்தேன். கொல்லன் பொண்டாட்டி பேசுவதாக வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியும் தன் கதையைச் சொன்னாள். அதைப் பதிந்து, டேப் ரெக்கார்டரைப் பாம்புக்குள் வைத்தோம். பாம்பின் வாயில் காதை வைத்தால் அந்தக் குரல்கள் கேட்கும்.

செல்லத்தாயின் கதை சின்னது. போன சீசனில் அவர் காய்ச்சலில் கிடந்தார். ஒருத்தி வர முடியாவிட்டால் அவள் பேரில் வீட்டிலிருந்து இன்னொருத்தி போவது இங்கே வழக்கம். கம்பெனி வேனில் வந்த போர்மேன் சங்கிலிமுத்து, "மகளை ஏத்திவிடு" என்றான். ரோஜா போனாள். மதியம் அவள் இருந்த அறை வெடித்தது. பதிவேட்டில் அவள் பேர் இல்லை. அவள் எங்கள் ஆளே இல்லை, வீட்டில் திருட்டுத்தனமாக வெடி சுற்றிச் செத்தாள் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஊரும் அதையே பேசியது. செத்த பிள்ளைக்குத் திருட்டுப் பட்டம் வேறு! அதைத் துடைக்கத்தான் செல்லத்தாய் பேசினார். சோற்றுக்கு வழியில்லாமல் அவர் இன்னும் அதே கம்பெனிக்குத்தான் போய்வந்தார்.

மண்டபமும் அந்தக் கம்பெனி முதலாளியுடையதே. உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமல் இலவசமாகக் கொடுத்து, திறந்துவைக்கவும் ஒப்புக்கொண்டிருந்தார். திறப்பு விழா அன்று காலையில் ஒத்திகை பார்க்க வந்த சங்கிலிமுத்து பாம்பின் வாயில் காதை வைத்தான். உடனே கேசட்டை உருவிப் பையில் போட்டுக்கொண்டான்.

"மொதலாளி வர்றாக. செல்லத்தாயி, மைக்குல கம்பெனியப் பத்தி ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லு. ஒன் வேலைக்கு நான் பொறுப்பு."

கேசட்டைக் கொடு என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். செல்லத்தாய் குனிந்து பாம்பின் தையலைத் தடவிக்கொண்டிருந்தார். பயந்துவிட்டாரே என்று எனக்கு அவர் மேலும் ஆத்திரம் வந்தது.

சாயங்காலம் முதலாளி வந்தார். போட்டோவுக்குச் சிரித்தபடி பாம்பின் வாயில் காதை வைத்தார். சிரிப்பு அப்படியே செத்தது.

"கொல்லன் பொண்டாட்டி பேசுதேன். எம் மக பேரு ரோஜா. ஒங்க கம்பெனி வேன்லதான் போனா. ஏத்துனது சங்கிலிமுத்து."

செல்லத்தாய் பாம்புக்குள் இருந்தார். முதலாளி காதை எடுத்ததும் குரல் இன்னும் உயர்ந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது. முதலாளி வேட்டியைப் பிடித்துக்கொண்டு காருக்கு ஓடினார். சங்கிலிமுத்து பாம்பை ஓங்கி உதைத்தான்.

"வெளிய வா! நாளைக்கு வேலைக்கு வந்துறாத!"

"வாரேன்னு யாருலே சொன்னா?" என்றது பாம்புக்குள்ளிருந்து குரல்.

முன்வரிசையில் இருந்த பொன்னுத்தங்கம் எழுந்தாள். ரோஜாவைத் திருடி என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள் அவள். நேராக வந்து பாம்பின் வாயில் காதை வைத்தாள். அவள் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர் என்று வரிசை வாசல்வரை நீண்டது.

உள்ளேயிருந்து செல்லத்தாய் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்புட்டுப் பேரும் வாங்க. ஒவ்வொருத்தருக்கும் மொதல்ல இருந்து சொல்லுதேன்."