வெளியேறும் பொத்தான்

கலாமா செம்புச் சுரங்கத்தின் பயிற்சி அறையில் எலெயுத்தேரியோ மெய்நிகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருபது நிமிடமாக அசையாமல் நின்றார். பாடம் எப்போதோ முடிந்துவிட்டது. கண்முன் மிதக்கும் மெனுவில் 'வெளியேறு' என்ற பொத்தானைத் தொட்டால் போதும். காலையிலிருந்து வந்த ஒன்பது தொழிலாளர்களும் இதே இடத்தில்தான் நின்றுபோனார்கள்.

"எட்டாங்கிளாஸ் தாண்டாத தலைங்க. இதுங்களுக்கெல்லாம் மெனு ஒரு கேடு!" என்று சிரித்தார் திட்ட மேலாளர் ஃபபியான்.

மெனுவை வடிவமைத்த யாஸ்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சாம்பல் நிறத்தில் செய்து கொடுத்த பொத்தானை, எடுப்பாக இருக்கட்டும் என்று சிவப்பாக்கியவரே அவர்தான். அவள் போய் எலெயுத்தேரியோவின் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏங்கய்யா அழுத்தல?"

"செவப்பாச்சே மகளே! சுரங்கத்துல செவப்ப அழுத்துனா கல்லு சுமக்குற பெல்ட்டு மொத்தமும் நின்னுரும். முப்பது வருசத்துல ரெண்டே தடவதான் அழுத்திருக்கேன். ரெண்டு தடவையும் ஆளு உள்ள மாட்டியிருந்தான்."

"யோவ், இது வெறும் படம்யா! செவப்ப அழுத்துனா என்ன குடியா முழுகிரப் போகுது?" என்று கத்தினார் ஃபபியான்.

யாஸ்னா அவர் சட்டைக் கையைப் பற்றி வெளியே இழுத்துப் போனாள். அங்கே தாதுக்கல்லைச் சுமந்து பெல்ட் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தூணில் அதே சிவப்பில் ஒரு பொத்தான்.

"குடி முழுகாதுல்ல? அழுத்துங்க சார்."

ஃபபியானின் கை மெல்லப் பேன்ட் பைக்குள் போனது.

"ஏன், நீங்களும் எட்டாங்கிளாஸ் தாண்டலையா?"