எந்தத் ‘தொ’?

மகன் தமிழ் வாத்தியாராக இருந்ததால் வந்த வினை இது. புது வீட்டில் எந்தச் சுவரில் எந்த ஒயர் வரவேண்டும் என்று எலக்ட்ரீஷியன் படம் போட்டுத் தரச் சொல்லியிருந்தார். வேறு யாராவது என்றால் டிவி, ஃபோன் என்று கிறுக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். வாத்தியாருக்கு அப்படி எழுதக் கை வருமா? அங்கங்கே ‘தொ’ என்று எழுதி, அடியில் கோடும் இழுத்துக் கொடுத்துவிட்டான். தொலைபேசிக்கும் தொ, தொலைக்காட்சிக்கும் தொ.

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்துகொண்டு மருமகளிடம் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல, பூசாத செங்கல் சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டே போனார். அப்படித்தான் பின்பக்க அறையில் ‘டிவி’ என்று வந்தது.

அது அப்பாவுக்கு என்று ஒதுக்கிய அறை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சுவரைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. தனக்கென்று தனி டிவி வந்தால் கசக்குமா என்பீர்கள். கசக்கத்தான் செய்தது. அறைக்குள் டிவி என்றால், ஹாலில் இந்த ஆள் வேண்டாம் என்றுதானே பொருள்? மனைவி போனபிறகு அவருக்கு மிஞ்சியது சாயங்கால ஹால் ஒன்றுதான். மகன் நோட்டுத் திருத்துவான், மருமகள் துணி மடிப்பாள், செய்தி வாசிப்பவரின் தலைமுடியை மூன்று பேருமாகக் கிண்டல் செய்வார்கள். அதுவும் போச்சு.

“தம்பி, இங்க டிவி யாரு போடச் சொன்னது?”

“படத்துல ‘தொ’ன்னு இருக்குங்க ஐயா.”

மகனும் மருமகளும் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். அப்பா எலக்ட்ரீஷியனிடமிருந்து படத்தை வாங்கி நீட்டினார். “இது எந்தத் தொ?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

“ஒவ்வொருத்தரா சொல்லுங்க.”

“தொலைபேசிப்பா” என்றான் மகன். “ராத்திரி உங்களுக்கு ஏதாவதுன்னா மாடிக்குக் கூப்பிடணும்ல?”

“நான்தான் டிவின்னு சொன்னேன் மாமா” என்றாள் மருமகள்.

எலக்ட்ரீஷியன் ஜன்னலுக்கு விட்டிருந்த ஓட்டை வழியாகத் தெருவை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

“அப்போ என்னை உள்ள தள்ளிக் கதவைச் சாத்தணும்னு முடிவு பண்ணியாச்சு.”

“அப்படிச் சொல்லாதீங்க மாமா.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வாடிக்கையாளர்களின் புகார்களை ஃபோனில் கேட்கிற வேலை அவளுக்கு. “பகல்ல நீங்க வைக்கிற டிவி சத்தம் தாங்கல. நேத்து ஒருத்தர், உங்க ஆபீஸ்ல கலவரமான்னு கேக்கறார். மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு.”

அவருக்குச் சுருக்கென்றது. சத்தத்தின்மேல் அவருக்கு ஆசை ஒன்றும் இல்லை. எஞ்சினைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு காலமெல்லாம் பஸ் ஓட்டியதில் காது மந்தமாகிவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால், தன்னை எதிரில் வைத்துக்கொண்டே தன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்களோ என்று பயம். முகத்தையும் வாயசைவையும் பார்த்துப் பார்த்தே சமாளித்துவந்தார். பார்க்கப்போனால் அந்த இரண்டு தொவில் எதுவுமே அவருக்கு உருப்படியாக உதவாது.

“நெட் ஒயர் எங்க வருது?” என்று கேட்டார்.

“ஹால்ல மாமா. சாப்பாட்டு மேசைகிட்ட.”

“அங்கதான் தப்பு. கதவு வேண்டியது எனக்கில்லம்மா, உனக்கு. அந்த ஒயரை இங்க கொண்டுவரச் சொல்லு. பகல்ல நீ இந்த ரூம்ல வேலை பாரு, நான் ஹால்ல இருக்கேன். ராத்திரி படுக்கத்தானே எனக்கு ரூம்?”

“மத்தியானம் தூங்குவீங்களே?”

“டிவி ஓடலைன்னா எனக்கு எங்க தூக்கம் வருது?”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எலக்ட்ரீஷியன் விட்டால் போதும் என்று ‘டிவி’யை உள்ளங்கையால் அழித்துவிட்டு ‘நெட்’ என்று எழுதினார்.

“என் தொலைபேசி?” என்றான் வாத்தியார், விடாமல்.

அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. மருமகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஆனா இது உங்க ரூம்தான் மாமா. தட்டிட்டுத்தான் உள்ள வருவேன்” என்றாள்.

சரி என்று தலையாட்டியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஆட்டத்தான் போனார். அவள் தன் பயத்தை மறைக்காமல் சொல்லிவிட்டாளே என்று நினைத்ததும் தலை அசைய மறுத்தது.

“தட்டினா எனக்குக் கேக்காதும்மா. ஃபோன் அடிச்சாலும் கேக்காது. நேரா உள்ள வா.”

மகன் படத்தை மடித்துப் பையில் வைத்தான். கிட்டே வந்து, அவர் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு, நிதானமாகக் கேட்டான்.

“எப்பலேருந்துப்பா?”