ஒரு சாண் பச்சைக் கார்

1.

இந்தக் கதை 'எடுத்துட்டேன்' என்ற ஒரே சொல்லில் பிறந்தது. அதைக் கேட்டவளும் நான், தெருத்தெருவாக நடத்திப் போனவளும் நான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஜொகூர் பாருவின் மாலை மழையில் ஒரு பச்சைக் கார் வழுக்கிக்கொண்டு—" (அடித்துவிட்டேன். அன்று மழை இல்லை. காரும் இல்லை.)

பக்கத்து வீட்டு ஹேமநாதன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவன். வேலியோரம் வந்து சொன்னான்: "அக்கா, அறுபதுகள்ல ஓடின பிரிட்டிஷ் ரேஸ் கார். எடுத்துட்டேன்!"

கார் எடுத்தவனிடம் எவ்வளவு நீளம் என்று யார் கேட்பார்கள்?

2.

நான் எதிர்வீட்டுக் கிருஷ்ணம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். சேதி குளுவாங் ஊருக்குப் போய்ச் சேரும்போது காருக்கு ஒரு ஷெட்டும் முளைத்திருந்தது.*

அங்கே சதாசிவம், தன் மகள் லோஷினிக்கு ஹேமநாதனைப் பார்க்கலாமா வேண்டாமா என்று மூன்று மாதமாக இழுத்துக்கொண்டிருந்தவர், உடனே போன் போட்டார். "தம்பி, ஞாயித்துக்கிழமை வீடு பாக்க வர்றோம். காரைத் துடைச்சு வைங்க."

*ஷெட் என் வேலை இல்லை.

3.

"என்னக்கா சொல்லி வச்சிருக்கீங்க?"

"நீதானப்பா எடுத்துட்டேன்னே!"

"அலமாக்! அது கிட்டு லா. பெட்டியில பிளாஸ்டிக் துண்டா வரும், நாமதான் ஒட்டணும். ஒரு சாண்கூட வராது!"

"வொர்க்‌ஷாப்ல நிக்குதுன்னு சொல்லிடேன்."

"பொய்யில உங்க பங்கே போதும்க்கா."

(இந்த இடத்தில் அவனைக் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். இவ்வளவு நல்லவனை வாசகர் நம்புவாரா?) ஆனால் அவன் பயந்தது சதாசிவத்துக்கு அல்ல. முதல் போன் பேச்சிலேயே லோஷினி சொல்லியிருந்தாள்: "எப்படிப்பட்ட ஆளா இருந்தாலும் சரி, பீத்திக்கிற ஆள் மட்டும் வேணாம்." அவள் வேண்டும் அவனுக்கு. அதற்காக இல்லாத காரை அவன் பீற்றினான் என்றே அவள் நினைத்துவிடுவாளே! அவன் நெஞ்சுக்குள் ஒரு எஞ்சின்— (வேண்டாம்.)

சனிக்கிழமை பூராவும் உட்கார்ந்து சக்கரங்களை ஒட்டினான்.

4.

ஞாயிறு. நான் சும்மா கறிவேப்பிலை கேட்கப் போயிருந்தேன்.

"கார் எங்க மாப்ளே, பின்னாலயா?"

ஹேமநாதன் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி வந்தான். "நான் எடுத்தேன்னு சொன்னது இதைத்தாங்க." என் பேரை இழுக்கவில்லை. நான் கறிவேப்பிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சதாசிவத்தின் முகம் சுருங்கியது. லோஷினி குனிந்தாள்.

"ஸ்டியரிங் எங்க?"

"இன்னும் ஒட்டல."

"குடுங்க."

கொடுத்தான். பொத்தான் அளவு வளையம்.

"லோஷினி," அப்பா வாசல் கேட்டைத் திறந்துவிட்டார். "நம்ம கார்ல ஏறு."

5.

அவள் ஏறிப்போகிற மாதிரி ஒன்று எழுதினேன். அப்பா சிரித்துவிடுகிற மாதிரி ஒன்று. இரண்டையும் கிழித்தாயிற்று. நான் எதை எழுதினாலும் நாளைக்குத் தெரு அதையே நடந்ததாகப் பேசும்.

அப்பா கேட்டருகே நிற்கிறார். அவள் கை மூடியிருக்கிறது, வளையம் உள்ளே. திருப்பிக் கொடுத்தாளா, ஒட்டச் சொன்னாளா, கொண்டே போய்விட்டாளா?

இந்த ஒரு தடவை நீங்கள் சொல்லுங்கள். நான் கேட்டுக்கொள்கிறேன்.