மூன்றாவது உருண்டை

கடுதாசியை அடுப்பில் போட்டுவிடலாம் என்றுதான் பூமாரி உட்கார்ந்திருந்தாள். விறகு நன்றாகப் பிடித்து எரிந்துகொண்டிருந்தது. கையை ஒரு சாண் நீட்டினால் போதும், முப்பது வருஷத்துப் பயம் சாம்பலாகிவிடும். ஆனால் அந்தப் பாழாய்ப்போன கை நீளமாட்டேன் என்றது.

தபால்காரர் சுவக்கீன் காலையில் வந்திருந்தார். "பூமாரியக்கா, டில்லியிலேருந்து ரிஜிஸ்தர். மகன் ஃபாக்டரியிலதானே இருப்பான்? நீங்களே ஒப்பு போட்டு வாங்கிக்கிடுங்க" என்று பெருவிரலில் மையைத் தடவி ரேகை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பழுப்பு உறை. பூமாரிக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் உள்ளே என்ன இருக்கும் என்பது படித்தவர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். யுத்தத்தில் செத்த பட்டாளத்துக்காரர்களை எங்கெங்கே புதைத்தார்கள் என்று பேரேடு வைத்திருக்கிற அலுவலகத்துக்கு அவள் மகன் காளிச்சாமி மூன்று மாதத்துக்கு முன்னால் எழுதிப் போட்டிருந்தான். அதற்கு வந்த பதில் இது.

அவனும் சும்மா எழுதவில்லை. அவன் பெண்சாதி சாந்தம்மாளுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துவிட்டன. இப்போது மூன்றாவது, ஐந்து மாதம். ஆற்றங்கரைக் கோயில் பண்டாரம் சோழி உருட்டிப் பார்த்தார். "உன் தகப்பன் பசியோட நிக்கான். செத்த திதி தெரியாம அமாவாசைக்கு அமாவாசை பொத்தாம்பொதுவா எள்ளுத்தண்ணி விட்டா அவனுக்குப் போய்ச் சேருமா? திதியக் கண்டுபிடி" என்றார். அன்றைக்குப் பிடித்தது சனி. பெட்டியின் அடியில் கிடந்த போட்டோவைக் காளிச்சாமி தூசி தட்டி எடுத்தான். காக்கி உடுப்பில், நெஞ்சுக்கு நேரே சிலேட்டைப் பிடித்தபடி நிற்கிற நஞ்சப்பன். சிலேட்டில் சாக்கட்டியால் எழுதிய பட்டாளத்து நம்பர். அதை வைத்துத்தான் டில்லிக்கு எழுதினான். பழைய தடயத்தையெல்லாம் எரித்த பூமாரி அந்தப் படத்தை மட்டும் விட்டு வைத்திருந்தாள். பிள்ளைக்குத் தகப்பன் முகமாவது தெரியட்டும் என்று நினைத்தாள். நல்லது நினைத்துச் செய்ததுதான் இப்போது கழுத்துக்குக் கத்தியாக வந்து நின்றது.

ஏனென்றால் நஞ்சப்பன் அவளுக்குப் புருஷன் இல்லை. காளிச்சாமி அவள் பெற்ற பிள்ளையும் இல்லை.

மூணாறுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், கூலிக்காரர் லயத்து வரிசையில் பூமாரிக்கு அடுத்த வீட்டில் இருந்தவர்கள் அவர்கள். சித்தூர் பக்கத்திலிருந்து வீட்டாரோடு கோபித்துக்கொண்டு மலையேறிய ஜோடி. நஞ்சப்பனும் அவன் பெண்சாதி முத்தாத்தாளும். யுத்தத்துக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் கூலியாட்களைக் கூட்டி எண்ணுகிற பெரட்டுக்களத்தில் மேசை போட்டு ஒவ்வொருவனிடமும் தகப்பன் பேர், பெண்சாதி பேர் கேட்டு எழுதியபோது பூமாரியும் கொழுந்துக் கூடையோடு அங்கேதான் நின்றாள். முத்தாத்தாள் அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி. "ஏனுங்க, என்ற பேரு எதுக்குங்க அவிங்களுக்கு?" என்று வெட்கப்பட்டாள். "நாஞ் செத்துப்போனா உனக்குத்தானே கடுதாசி வரோணும்" என்று நஞ்சப்பன் சிரித்தான்.

கடுதாசி வந்தபோது வாங்குவதற்கு முத்தாத்தாள் இல்லை. பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் அவளை மலைக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அதே மாதம்தான் பூமாரி தன் குழந்தையைக் குழியில் வைத்துவிட்டு வந்திருந்தாள். பால் கட்டி மார் வலித்தது. அடுத்த வீட்டுப் பிள்ளை பசியில் கத்தியது. எடுத்துக் கொடுத்தாள். ஆறு மாதம் கழித்து நஞ்சப்பன் செத்த சேதி வந்தது. இனி சித்தூரிலிருந்து ஆள் வந்து பிள்ளையைக் கொண்டுபோவார்கள் என்று கங்காணி சொன்ன மறுநாளே, அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டிப்பெரியாருக்கு வந்து இறங்கினாள். பட்டாளத்தான் விதவை என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்தாள்.

சொந்தப் புருஷன் சிலோனில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருக்க, அடுத்தவள் புருஷனுக்காகப் பொட்டை அழித்து வெள்ளை கட்டியவள் இந்த மலையில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பெற்ற மனம் பித்து என்பார்கள். பெறாத மனத்துக்கு என்ன பேர் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

"அத்தை, உலை கொதிச்சு வழியுது, என்ன யோசனை?" என்று சாந்தம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். பூமாரி உறையை மடியில் செருகி, அவள் திரும்பிய சமயத்தில் அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டாள். மூன்று நாள் அந்த டின்னில் கைவிட்டு அரிசி எடுக்கும்போதெல்லாம் விரலில் காகிதம் தட்டுப்பட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவள் அரிசியில் மறைத்துப் பார்த்தாள்.

நான்காம் நாள் மத்தியானம் காளிச்சாமி ஷிப்ட் முடிந்து வந்தான். தலையெல்லாம் தேயிலைத் தூள். கால்கூடக் கழுவவில்லை.

"ஏம்மா, திங்கக்கிழமையே கடுதாசி குடுத்தேன்னு சுவக்கீன் அண்ணன் சொல்லுதாரு. எங்க அது?"

மறந்துபோச்சு என்று சொல்ல வாயெடுத்தாள். பொய் வரவில்லை. டின்னைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். உறையிலிருந்து உதிர்ந்த அரிசியை அவன் பார்த்தான். வாசல் வெளிச்சத்தில் நின்று பிரித்தான். டைப் அடித்த ஒரே தாள். பத்தாம் வகுப்பு வரை படித்தவன். ஒவ்வொரு சொல்லுக்கும் விரலை வைத்து மெதுவாகப் படித்தான்.

"தேதி இருக்கும்மா! நாப்பத்திநாலு, ஏப்ரல் மாசம். நம்ம சித்திரை" என்றான். "முதல்ல ரோட்டோரத்துல, ஒரு மைல்கல்லுப் பக்கத்துல அவசரத்துல புதைச்சிருக்காங்க. சண்டை ஓய்ஞ்ச பொறவு தோண்டி எடுத்து மணிப்பூருல பெரிய கல்லறைக்கு மாத்தியிருக்காங்க. நாலாவது பாத்தி, ஆறாவது வரிசை, ஒம்பதாவது குழி. ஒரு மனுசன இம்புட்டு அக்கறையா எழுதி வச்சிருக்காங்க பாரு."

"ஆளு பேரு போட்டிருக்கா?" என்று சாந்தம்மாள் கேட்டாள். பூமாரிக்கு அவளை அறையலாம்போல் இருந்தது.

"நஞ்சப்பன். தகப்பன் சின்னையன். சித்தூர் தாலுகா." விரல் அடுத்த வரிக்குப் போனது. அங்கேயே நின்றது. அவன் உதடு ஒருமுறை சத்தமில்லாமல் அசைந்தது.

"பெண்சாதி பேரு..." என்று நிறுத்தினான். தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "பூமாரி."

அந்தத் தாளில் அப்படி இருக்க முடியாது. பெரட்டுக்களத்தில் எழுதிய பேர் எது என்று அவளுக்குத் தெரியும். அவன் மனசுக்குள் முத்தாத்தாள் என்று படித்துவிட்டு, வாயால் பூமாரி என்று சொல்லியிருக்கிறான். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சோறு போடும்மா" என்றான்.

அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்தாவது அழுது தீர்த்திருப்பாள். கேட்காத பிள்ளையிடம் எதைச் சொல்வது? வேலைக்குப் போனான், வந்தான், பண்டாரத்திடம் தேதியைக் கொடுத்துப் பஞ்சாங்கம் பார்த்தான். சித்திரைத் தேய்பிறையில் திதி என்று குறித்தாயிற்று. அவள் தட்டில் சோறு அப்படியே கிடந்தது. என்றைக்காவது ஒருநாள் "நீ யாரு?" என்று கேட்பானோ என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் இன்னொரு நினைப்பு வந்தது. நஞ்சப்பனாவது அமாவாசைத் தண்ணீர் குடித்தவன். முத்தாத்தாளுக்கு? தாய் உயிரோடு இருக்கிறாள் என்று ஊரையே நம்ப வைத்தாயிற்று, உயிரோடிருப்பவளுக்கு யார் உருண்டை வைப்பார்கள்? முப்பது வருஷமாக ஒரு வாய் சோறில்லாமல் நிற்கிறவள் அவள்தான். பசியோடு நிற்பது தகப்பன் என்று பண்டாரம் சொன்னது தப்பாக இருந்தால்? சாந்தம்மாளின் மேடிட்ட வயிற்றைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

திதியன்று காலை ஆற்றங்கரையில் வாழையிலை போட்டார்கள். பெரியாற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். காளிச்சாமி ஈர வேட்டியோடு உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தான். சாந்தம்மாள் ஓரமாக நின்றாள். பூமாரி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"தகப்பனுக்கு ஒண்ணு, பாட்டனுக்கு ஒண்ணு" என்று பண்டாரம் எள்ளை இறைத்தார். இரண்டு உருண்டைகள் இலையில் உட்கார்ந்தன. "தாயார் இருக்காங்களா, போயிட்டாங்களா? இருந்தா அவங்க பேருக்கு வைக்கப்படாது."

பூமாரி மகனின் முதுகையே பார்த்தாள்.

"இருக்காங்க" என்றான் காளிச்சாமி, திரும்பிப் பார்க்காமல். "பேரு பூமாரி. அந்தா, கல்லு மேல உக்காந்திருக்காங்க."

முடிந்தது. இனி ஆயுசுக்கும் ஒருவனும் அவளைக் கேட்கமாட்டான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், மகன் மகன்தான். இலையில் பிசைந்த சோறு இன்னும் ஒரு கை மிச்சம் இருந்தது. பண்டாரம் அதை ஆற்று மீனுக்குப் போடச் சொல்லிக் கை நீட்டினார்.

பூமாரி எழுந்துவிட்டாள். மணலில் கால் புதையப் புதைய நடந்து வந்து இலைக்கு எதிரே நின்றாள்.

"இன்னொண்ணு வையி, யய்யா."

"யாருக்கும்மா?" என்றார் பண்டாரம்.

"முத்தாத்தாளுக்கு. அவதான் இவனப் பெத்தவ. நான் பெக்கல."

சாந்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். காளிச்சாமி குனிந்தே இருந்தான். அவன் தோள் குலுங்கியது. அவன் எழுந்து போய்விடுவான் என்றுதான் பூமாரி நினைத்தாள்.

"தெரியும்மா" என்றான். "கடுதாசியில இருந்துச்சு. நீயாச் சொல்லணும்னுதான் இருந்தேன். நீ சொல்லாம நான் உருண்டை வச்சா, ஒன்னத் தள்ளி வச்ச மாதிரி ஆயிருமே."

பண்டாரத்துக்குப் பொறுக்கவில்லை. "அட, எனக்கு ஒரு முடிவு சொல்லுங்கப்பா. தாயார் இருக்காங்கன்னு மந்திரம் சொல்லவா, போயிட்டாங்கன்னு சொல்லவா?"

"ரெண்டையும் சொல்லும்" என்றான் காளிச்சாமி.

மிச்சச் சோற்றை வழித்து உருட்டினான். மற்ற இரண்டையும்விடப் பெரிதாக வந்தது. அதைத் தான் வைக்காமல் பூமாரியின் கையில் கொடுத்தான். பொம்பளை வைக்கக்கூடாது என்று பண்டாரம் ஏதோ சொன்னார், யாரும் காதில் வாங்கவில்லை.

சோறு இன்னும் சூடாக இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் பெரட்டுக்களத்தில் வெட்கப்பட்டு நின்றவளின் முகம் கண்ணுக்குள் வந்தது. பூமாரி மண்டியிட்டு, உருண்டையை நஞ்சப்பனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சாப்பிடு தாயீ" என்றாள். "ஒம் பிள்ளையப் பசியில்லாம வளத்துட்டேன். ஒன்னத்தான் பட்டினி போட்டுட்டேன்."