ஊதிப் பார்த்த ஓக்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், ஒரு பீப்பாய்ப் பட்டறை வாசலில் வெர்னாவின் மரம் ஏற்றிய வண்டி நின்றது.

"சிவப்பு ஓக் மரத்தை ஏத்திட்டு வந்திருக்கியேம்மா! இதுல பீப்பாய் செஞ்சா விஸ்கியெல்லாம் ஒழுகித் தரையிலதான்," என்று சிரித்தார் மரம் வாங்கும் ஹாய்ட். திருப்பி அனுப்பினால், குளிர்காலம் முழுக்க அவள் வெட்டியது விறகாகிவிடும்.

வெர்னா ஒரு கட்டையின் நடுவே இருந்த வயிரப் பகுதியிலிருந்து விரல் நீளத் துண்டை நெடுக்குவாக்கில் அறுத்து, ஒரு முனையைத் தண்ணீரில் அமிழ்த்தினாள்.

"மறுமுனையில ஊதுங்கண்ணே. சிவப்பு ஓக்குன்னா உள்குழாய் திறந்திருக்கும், குமிழி வரும். பீப்பாய்க்கு ஆகுற வெள்ளை ஓக்குல மரத்தோட உயிரணு புடைச்சு குழாயையே அடைச்சிருக்கும்."

ஹாய்ட் ஊதினார். கன்னம் தக்காளியாகச் சிவந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை.

"போதும்ணே, சிவப்பு உங்க மூஞ்சியிலதான் இருக்கு!"

பட்டறையே கைதட்டியது. ஹாய்ட் மூச்சிரைக்கக் கதவை அகலத் திறந்தார்.

"உள்ளே ஓட்டும்மா!"