திருப்பித் தராத லைன் கிளியர்

உயர் அழுத்தக் கம்பியில் வேலைக்கு ஏறுகிறவர், மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி எங்கள் துணைமின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் வாங்கும் அனுமதிக்கு லைன் கிளியர் என்று பெயர். வேலை முடிந்ததும் வாங்கியவரே தன் வாயால் அதைத் திருப்பித் தரவேண்டும். வேறு யார் தந்தாலும் வாங்கக் கூடாது.

லைன்மேனாக இருந்த அத்தான், என் அக்காவின் கணவர், திருப்பித் தரவில்லை. டவரின் உச்சியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரைக் கயிறு கட்டி இறக்கினார்கள். உயிர் மேலேயே போயிருந்தது. ஊர் முழுக்க மின்சாரம் இல்லை, போன்மேல் போன். எங்கள் பொறியாளர் இன்னொரு லைன்மேனைப் பேசச் சொல்லி, லைன் கிளியரை வாங்கிக்கொண்டு மின்சாரத்தை விட்டார்.

அதற்குப் பிறகு அந்த லைனை நிறுத்தும்போதெல்லாம் மூலையில் இருக்கும் பழைய தொலைபேசி அடிக்கிறது. அந்தக் கம்பி வழியாகவே அடுத்த நிலையத்தோடு பேசுவதற்கான தொலைபேசி அது. அங்கிருந்து யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள்.

முதல்முறை எடுத்தபோது, "என்ன விஞ்ஞானி, நல்லா இருக்கியா?" என்றது குரல். நான் பி.எஸ்ஸி. முடித்த நாளிலிருந்து அத்தான் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். வைத்துவிட்டேன்.

அக்காவிடம் சொன்னேன். அவள் அழவில்லை.

"உசுரோட இருந்தப்ப வேலைக்குப் போனா ஒரு போன் பண்ணமாட்டாரு. இப்ப என்னவாம்?" என்றாள். பிறகு, "அடுத்து எப்ப லைன நிறுத்துவீங்க?"

இன்று காலை நிறுத்தினோம். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்ததாக வாசலில் காவலரிடம் சொல்லிவிட்டு அக்கா உள்ளே வந்தாள். பொறியாளர் வெளியே, மின்மாற்றிகள் நிற்கும் யார்டில் இருந்தார். தொலைபேசி அடித்தது. இருவரும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டோம்.

"விஞ்ஞானி, வச்சிடாத. லைன் கிளியர திருப்பித் தர்றேன், வாங்கிக்கோ."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வாங்காதடி. வாங்கினா போயிடுவாரு."

"பக்கத்துல உங்க அக்காவா?"

"நான்தான்," என்றாள் அக்கா. "அங்கயே இருங்க. லைன நிறுத்துறப்பல்லாம் வந்து பேசுறேன்."

கம்பியில் காற்று உரசும் சத்தம் வந்தது.

"நிறுத்தாதப்ப?" என்றார் அத்தான். "நீங்க கரண்ட விட்டுடுறீங்க. நான் மேலதாம்மா இருக்கேன்."

"வலிக்குதா?"

"அத விடு."

அக்கா கையை எடுத்தாள். "கேளுடி," என்றாள்.

எல்லோரிடமும் கேட்பதையே கேட்டேன்.

"ஆளுங்க எல்லாம் இறங்கியாச்சா?"

"நான்தான் கடைசி."

"எர்த் கம்பிய எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"கரண்ட் விடலாமா?"

"விடு."

"வாங்கிக்கிட்டேன்."

மாலையில் இன்றைய ஆட்களும் இறங்கித் தங்கள் லைன் கிளியரைத் தந்தார்கள். பொறியாளர் காலையிலிருந்து மூலையிலேயே இருந்த அக்காவைப் பார்த்தார். கரண்ட் விடச் சொல்லி எனக்குத் தலையசைத்தார். நான் சுவிட்சைத் திருகினேன். யார்டில் ரீங்காரம் எழுந்தது.

அக்காவின் காதில் ரிசீவர் இருந்தது.

"ஒண்ணும் கேக்கல," என்றாள். அதன் பிறகும் வைக்கவில்லை.